நிறைமாசக்காரி நடை

என் சின்னம்மா ராஜம்மாளின் வீட்டுக்காரர் சடையன், மல்லாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி முதலாளி ஒருவரிடம் அம்பாசிடர் கார் ஓட்டினார். பெட்ரோல் விலை கண்டபடி ஏறிய எழுபத்து நாலாம் வருஷம், முதலாளி பெட்ரோல் பங்கில் பலர் நடுவில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“கீழ்பென்னாத்தூர் போய்வந்தா கம்மியாதானே குடிக்குது? எங்கம்மாவ மலை சுத்தக் கூட்டிப்போற அன்னிக்கி மட்டும் ஏன்யா ஜாஸ்தி? திருடி விக்கிறியா?”

“கிரிவலம்னா நெறமாசக்காரி நடக்கிற மாதிரி போவணும்னு அம்மாதாங்க சொல்றாங்க. சுத்தி முடியறவரைக்கும் ஃபர்ஸ்ட் கியர்தான். அப்படி உருட்டிக்கினே போனா குடிக்காம என்னா பண்ணும்?”

“கதை சொல்றான் பாரு!” என்று முதலாளி சிரித்தார். நின்றவர்களும் சிரித்தார்கள்.

சித்தப்பா சாவியை அவர் கையில் வைத்தார். “வர்ற செவ்வாக்கெழம அம்மாவ வச்சி நீங்களே மலை சுத்தி ஓட்டிப் பாருங்க.”

வேலை போய்விட்டதே என்று சின்னம்மா அழுதாள். முதலாளி காலில் விழுந்துவிட்டு வரச் சொன்னாள்.

“எடுக்காதவன் எதுக்குடி விழணும்?” என்றார் சித்தப்பா.

செவ்வாய்க்கிழமை முதலாளியே ஓட்டினார். செகண்ட் கியர் போட்டபோதெல்லாம் பின் சீட்டிலிருந்த அவருடைய அம்மா எல்லம்மாள், விசிறிக் காம்பால் அவர் தலையில் தட்டினார். மலையைச் சுற்றி முடித்தபோது, கீழ்பென்னாத்தூர் போய்வரும் அளவுக்கு ஊற்றிய பெட்ரோல் தீர்ந்து முள் அடியில் கிடந்தது.

அம்மாவோடு அப்படியே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். “என் தப்புதான் சடையா. வண்டிய எடு.”

“பங்குல வச்சி சொன்னீங்க. பங்குல வச்சே திருப்பி வாங்கிக்கோங்க.”

மூவரும் பங்குக்குப் போனார்கள். முதலாளி குனிந்தபடி முணுமுணுத்தார்.

“பெட்ரோல் ஊத்துறவனுக்கே கேக்கல, சத்தமா சொல்லுடா!” என்றார் எல்லம்மாள்.

முதலாளி சத்தமாகச் சொன்ன பிறகுதான் சித்தப்பா சாவிக்குக் கை நீட்டினார்.