அரித்துக் கொடுத்த மண்

அந்தக் கருவிக்கு வந்த அன்றே எங்கள் கரையில் பெயர் விழுந்துவிட்டது: பல்லிப் பெட்டி. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தும் சார் அதைத் தோள்பையிலிருந்து எடுத்து முடுக்கினார். அது விட்டுவிட்டு டிக், டிக் என்றது. குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு பெண், "பல்லி சொல்லுது பாத்தியளா. நல்லதுக்கா கெட்டதுக்கா சாரே?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "அதைப் பார்க்கத்தாம்மா வந்திருக்கேன்" என்றார்.

அவர் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்குச் சற்றுத் தள்ளி, கடற்கரையின் கறுப்பு மணலிலிருந்து தாதுக்களைப் பிரித்தெடுக்கும் கம்பெனி ஒன்று முன்பு நடந்தது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. நடந்த காலத்தில், வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மிச்ச மண்ணை லாரியில் கொண்டுவந்து தாழம்புதர் நின்ற பள்ளத்தில் கொட்டினார்கள் என்று ஒரு பேச்சு. அந்த மிச்சத்தில் கதிர்வீச்சு உள்ள தாது மணி நிறைய இருக்கும், அதைக் குழிகட்டி மூடித்தான் வைக்க வேண்டும், இவர்கள் திறந்த வெளியில் தட்டிவிட்டுப் போனார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. அதில் 'அணுக்கழிவு' என்ற சொல் இருந்தது. அதைப் படித்த பிறகு ஊரில் ஒருவருக்கும் சாயா இறங்கவில்லை. ஏனென்றால் பள்ளத்து மண்ணை நாங்கள்தான் அள்ளிக்கொண்டுபோய் வீட்டுத் தரைகளை நிரப்பினோம். சும்மா கிடைத்த மண்.

உண்மையா பொய்யா என்று விசாரிக்கப் பங்குத்தந்தை ஒரு சிறு குழு போட்டார். நான் ரவிக்கை தைக்கிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவது நின்றது. பிறகு படித்ததெல்லாம் நானாகப் படித்ததுதான். என்னை எதற்குச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "உனக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டுக்கு வீடு போய்ப் பேச்சுக் கொடுக்க உன்னைவிட்டா யார் இருக்கா?" என்றார் ஃபாதர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குப் பசிகூடத் தெரியாது.

ஆனால் அந்த விசாரணையில் கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. லாரி வந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதில் என்ன வந்தது என்பதில்தான் ஆளுக்கொரு நிறம். ஒருத்தர் வெள்ளை மண் என்றார். இன்னொருத்தர் செம்மண் என்றார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "மண்ணு எங்க வந்து? அது சாம்பலு. நான் கண்ணால பாத்தேன்" என்றார். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து, "ஆமா, கண்ணாடி இல்லாம எனக்க மூஞ்சியே தெரியாது, லாரில சாம்பலு தெரிஞ்சுதாம்" என்றாள். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

கதிர்வீச்சு கூடக் கூட வேகமாகச் சொல்லும் பல்லிப் பெட்டி எங்களை இன்னும் குழப்பியது. தாழம்பள்ளத்தில் அது சோம்பலாகச் சொன்னது. நாங்கள் ஏமாந்துபோய்க் கடற்கரைக்கு வந்தோம். அலை ஒதுக்கிவிட்ட கறுப்புத் திட்டில் வைத்ததும் மூச்சுவிடாமல் கத்தியது. பிள்ளைகள் பந்து விளையாடுகிற இடம் அது. கோயில் முற்றத்தில் திருவிழாவுக்கு நாங்களே வாரிவந்து விரித்த மணலிலும் கத்தியது.

"இந்தக் கரை மண்ணுக்கு இயற்கையிலேயே இந்தக் குணம் உண்டு. கம்பெனி வர்றதுக்கு முன்னாலேயும் இருந்தது" என்றார் சார். சுசீந்திரம் பக்கம் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். கதிர் என்று சொன்னால் அவர் அப்பா இன்றைக்கும் அறுப்பு எப்போது என்றுதான் கேட்பாராம். எங்களுக்கோ வீச்சு என்றால் வலை.

"அப்போ கடவுள் தந்தது எது, கம்பெனி தந்தது எதுன்னு பல்லிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"தெரியாது. மண்ணை எடுத்துப் போய் என்னென்ன எவ்வளவு இருக்குன்னு பார்க்கணும்."

இங்கேதான் என் அடுத்த வீட்டு அக்கா வருகிறாள். அவளுக்கு ஒரே மகள். நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தது, மருமகன் துபாயில். மகளுக்கு முதல் பேறுகாலம். ஏழாம் மாதம் அழைத்துவர வேண்டும். அதற்காகவே அக்கா வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டினாள். தரைக்கு அடியில் நிரப்பியது பள்ளத்து மண். அவள் வீட்டுக்காரர் தங்கல் போட்டில் போகிறவர். போனால் வாரக்கணக்கில் கடலில்தான். செய்தி வந்ததிலிருந்து அக்கா தனியாக அந்த அறை வாசலில் நின்று உள்ளே பார்ப்பதும் கதவைச் சாத்துவதுமாக இருந்தாள்.

சார் அந்த அறையில் பெட்டியை வைத்தார். அது சொன்னது, எவ்வளவு என்றால், கோயில் முற்றத்தைவிடக் குறைவு, சாலையைவிடக் கூடுதல். குழாய் போடத் தோண்டிய மூலை ஒன்று பூசாமல் கிடந்தது. கட்டிலும் சாமான்களும் அதை அடைத்திருந்தன. மண் எடுக்கச் சாரிடம் இருந்த பைகளும் தீர்ந்துவிட்டன. "அந்த மூலையிலிருந்து ஒரு டப்பா மண் சுத்தமா எடுத்து வைங்கம்மா. வேற எதுவும் கலக்கக் கூடாது. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வந்து வாங்கிப் போனார். முடிவு வந்த அன்று ஃபாதர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கரை முழுக்க எடுத்த எந்த மண்ணிலும் இல்லாத அளவுக்கு அக்கா வீட்டு மண்ணில் கதிர்வீச்சு மணி இருந்ததாம். இயற்கையாக இப்படிச் சேராது, எங்கோ பிரித்தெடுத்த மண் மாதிரி இருக்கிறது என்று சார் சொன்னாராம்.

ஊர் கொதித்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்து அக்கா வீட்டுச் சுவரைப் படம் பிடித்தார்கள். கம்பெனியின் பழைய ஆள் ஒருவர், நாங்கள் ஒரு கூடை மண்கூடக் கொட்டவில்லை என்று பேட்டி கொடுத்தார். இளவட்டங்கள் கலெக்டர் அலுவலகத்துக்குப் போக வேன் பேசினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அக்கா என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். போனில் மகள். சத்தம் எனக்கே கேட்டது. "அம்மா, எப்ப வந்து கூட்டுவ? மாமி ஒரு மாதிரி பேசுதாவ. கடக்கரைல பேறுகாலம் பாக்க இடமில்லியான்னு கேக்காவ."

"வருவேன் மக்கா. கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்?"

அக்கா போனை என்னிடம் நீட்டினாள். நான் ரவிக்கை அளவைப் பற்றி ஏதோ பேசி வைத்தேன்.

வழக்குப் போட ஒரு மண் போதாது, இன்னொன்று வேண்டும் என்றார் சார். இந்த முறை சாட்சிக்கு ஆள் நிற்கட்டும் என்று ஃபாதர் என்னை அனுப்பினார். அக்கா மூலையில் குனிந்து கரண்டியால் மண்ணைத் தோண்டினாள். சிப்பித் துண்டும் கரியும் கந்தல் நூலுமாக வந்தது. அதைத் தட்டில் கொட்டிக் கொல்லைக்கு எடுத்துப் போனாள். முதலில் சுளவில் போட்டுப் புடைத்தாள். பிறகு தட்டில் குடத்து வெள்ளம் விட்டு ஆட்டினாள். கலங்கிய வெள்ளை மண் விளிம்பு வழியாகப் போனது. மறுபடி வெள்ளம், மறுபடி ஆட்டல். எனக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. அரிசியில் கல் அரிக்கும்போது தினமும் பார்க்கிற கை அசைவுதானே.

"அக்கா, என்ன செய்யுத?"

"பாத்தா தெரியலியாட்டி? அரிக்கேன்."

"மண்ணையா?"

"பின்ன? அன்னைக்கும் அரிச்சுத்தான் குடுத்தேன். சுத்தமா வேணும், வேற ஒண்ணும் கலக்கப்பிடாதுன்னாருல்லா. இந்தக் குப்பையோட குடுத்தா, கடக்கரக்காரிக்கு ஒரு கை மண்ணுகூட சுத்தமா எடுக்கத் தெரியலன்னு நினைக்கமாட்டாரா?"

தட்டின் அடியில் மை மாதிரி கறுப்பாக ஒரு கை மண் நின்றது. இடையிடையே தேன் நிறத்தில் மணிகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சாரிடம் போனில் சொன்னேன். அவள் எப்படி அரித்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "கம்பெனியும் அதைத்தான் செய்யும். தண்ணி விட்டு ஆட்டினா லேசான மண் போயிடும், கனமான மணி தங்கிடும். அந்த அம்மா தட்டுல வச்சு அதையே செஞ்சிருக்காங்க" என்றார்.

அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்போ கள்ளி நானா?" என்றாள்.

அரிக்காத மண்ணை சாரே வந்து எடுத்துப் போனார். அதன் முடிவு ஒரு பக்கமும் சாயவில்லை. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் மேட்டு மண்ணைவிட அதிகம், கடற்கரைக் கறுப்புத் திட்டைவிடக் குறைவு. கம்பெனியின் மிச்சம் கலந்ததாகவும் இருக்கலாம், யாரோ கடற்கரையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து தட்டியதாகவும் இருக்கலாம். வேன் பேசியது நின்றுபோனது. குழாயடியில் அக்காவைப் பார்த்து, "வாறாவ பாரு, பெரிய கம்பெனிக்காரி" என்று பகடி. வேனுக்கு ஆள் சேர்த்த பையன் ஒருவன், "உண்மையாவே கொட்டியிருந்தாலும் இனி எவன் நம்புவான்? நல்ல கேசை வெள்ளம் விட்டுக் கழுவிட்டாவளே" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பள்ளத்தின் அடியில் என்ன கிடக்கிறது என்று தோண்டிப் பார்க்கச் சொல்லிக் குழுவின் பேரில் நாங்கள் அனுப்பிய மனு எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது.

அக்காவுக்கு இதெல்லாம் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. சார் புறப்படும்போது வழியை மறித்து நின்றாள். "கேசு கெடக்கட்டு சாரே. எனக்க மவ அந்த அறைல படுக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "இந்தக் கரையில தலைமுறை தலைமுறையா பிள்ளை பெத்திருக்காங்கம்மா. ஆபத்துன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. ஒண்ணுமே இல்லன்னு சொல்லவும் முடியாது. குறையக் குறைய நல்லது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"உங்க மவளா இருந்தா?"

"மண்ணை மாத்திடுவேன்" என்றார்.

மாற்றினாள். புதுத் தரையை உடைத்து, மண்ணை வெட்டி, உரச் சாக்குகளில் கட்டி, மேற்கே மலையடிவாரத்திலிருந்து செம்மண் வரவழைத்து நிரப்பினாள். நானும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சாக்கைப் பிடித்தேன். பல்லி அந்தச் செம்மண்ணில் எப்போதாவது ஒன்று சொன்னது. அக்கா முகத்தில் அன்றுதான் இரத்தம் ஓடியது.

சாக்குகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யாரும் முன்பே நினைக்கவில்லை.

பள்ளத்தில் போடலாம் என்றேன் நான். "அவன் அங்க தட்டுனான்னுதானே இத்தன பாடு? நானும் லாரிக்காரனாட்டம் போய்த் தட்டணுமாட்டி?" என்றாள் அக்கா. கடற்கரையில் போட்டால் அங்கிருக்கிற மண்ணோடு மண்தானே என்றால், அது பிள்ளைகள் விளையாடுகிற இடம். சாரைக் கேட்டோம். இது கம்பெனிக் கழிவு என்றால் அதற்கு முறை இருக்கிறது, நினைத்த இடத்தில் போடக் கூடாது என்றார். அவர் சொன்ன அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "கழிவுன்னு நிரூபிச்சா எடுப்போம். சாதாரண மண்ணுன்னா எங்க வேலை இல்ல" என்றார். நிரூபிக்கத்தானே எங்களால் முடியவில்லை. பஸ்சில் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "மண்ணுன்னா அவன் எடுக்கமாட்டான். கழிவுன்னா நான் தொடப்பிடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சாக்குகள் புது அறைக்கு எதிர்மூலையில், மதிலோரம் அடுக்கியபடி நின்றன. மகள் வந்துவிட்டாள். பிறக்கப்போகிற குழந்தையின் துணி காயப்போடும் கொடியை அந்தப் பக்கம் கட்டாதே என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தாள். ஏன் என்று மகள் கேட்கவில்லை. டி.வி.யில் அவளும் பார்த்திருப்பாள்.

போன வாரம் நான் அங்கே கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது தெற்குத் தெருக்காரன் ஒருவன் வந்தான். பாதி வீடு கட்டி நிற்கிறவன்; வெளியூர்த் துறைமுகத்திலிருந்து இப்போதுதான் திரும்பியவன், இந்தக் கதை முழுதும் அவன் அறியான். மதிலோரம் பார்த்தான்.

"அக்கா, இந்த மண்ணு சும்மாதானே கெடக்கு. நான் எடுக்கட்டா? அடுக்களை நிரப்ப ஆவும்."

அக்கா என்னைப் பார்த்தாள். அணுக்கழிவு என்று சொல்வதா, வெறும் மண் என்று சொல்வதா? ஊர் முழுக்கப் பேசித் திரிகிற நான் குனிந்து கொக்கியைத் தைத்தேன்.

"இல்ல மக்கா. வேணும்" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"வேணும்."

"மண்ணுக்குமா இந்தப் பிசுக்கு, குடுக்க மனசில்லியே" என்று முனகிக்கொண்டு அவன் போனான். அக்கா உள்ளே போய்ப் பழைய வலை ஒன்றை எடுத்து வந்தாள். நான் ஒரு முனையைப் பிடிக்க, சாக்குகளின் மேலே இழுத்து மூடி, நாலு பக்கமும் கல் வைத்துக் கட்டினாள்.

அறைக்குள்ளிருந்து மகள் கேட்டாள், "யாரும்மா வந்தா?"

"ஒண்ணுமில்ல மக்கா. மண்ணு கேட்டு ஒருத்தன் வந்தான். நீ படு."