சத்தம் நின்றால்

மிர்ட்டில் காலைக் கஞ்சிச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறாள். கை ஒரு நொடி ஓய்ந்தால் போதும், மேசையிலிருந்து குரல் வந்துவிடும்: "ஏன் நிறுத்திட்டே?"

அவள் கணவன் வில்ஃப் ட்ரெம்பாத்துக்குச் சத்தம் தொந்தரவே இல்லை. தங்கச் சுரங்க ஊரான போல்டரில் கல்லுடைக்கும் ஆலைகள் இரவும் பகலும் இடிக்கின்றன. அந்த இடியில் குழந்தைபோலத் தூங்குவான். ஆலை பழுதாகி நின்றால் எழுந்து, தரைப்பலகையில் காதை ஒட்டிப் படுத்துக்கொள்வான். சில நாள் நிறைந்த தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்து, ததும்புகிறதா என்று பார்ப்பான். கடைசியில் பூனைக்குத்தான் யோகம்.

"டேய் வில்ஃப், ஜெர்மன்காரன் இங்க வரணும்னா பூமியையே துளைக்கணும்டா!" என்பான் பக்கத்து வீட்டு ஜேபஸ்.

"ஆரம்பிச்சிருப்பான்" என்பான் வில்ஃப், சிரிக்காமல்.

தங்கச் சுரங்கத்திலிருந்து உலகப் போருக்குப் போனவர்களைப் பிரான்சிலும் மண்ணுக்கடியில்தான் இறக்கினார்கள். எதிரியின் பதுங்குகுழி வரை சுரங்கம் வெட்டி, அடியில் வெடிவைக்கிற வேலை. எதிரியும் எதிரே அதையே செய்தான். "அவன் தோண்டுற வரைக்கும் பயமில்ல. நிறுத்திட்டான்னா வெடிமருந்து அடுக்குறான்னு அர்த்தம். நாம முந்திக்கணும்."

இதையெல்லாம் வில்ஃப் வாய் ஓயாமல் சொல்வான். மிர்ட்டிலின் தம்பி சிரிலும் பிரான்சில் அதே சுரங்கத்தில்தான் இருந்தான். அவனைப் பற்றிக் கேட்டால் மட்டும் எப்போதும் ஒரே வாசகம்: "கூரை இறங்கிடுச்சு. உடனே போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது." ஐந்து வருடமாக ஒரு சொல் கூடியதில்லை, குறைந்ததில்லை. அதுதான் மிர்ட்டிலுக்கு உறுத்தியது.

சனிக்கிழமை கடைத்தெருவில் வில்ஃபின் பழைய படைத்தோழன் ஒருவன் அவளைப் பார்த்துவிட்டு உருகினான்: "பாவம்மா வில்ஃப். அந்தத் தட்டலைக் கேட்டுக்கிட்டே மருந்தைக் கொளுத்தணும்னா..."

"எந்தத் தட்டல்?"

அவன் தொப்பியைத் தொட்டு விடைபெறுவதுபோல் நழுவிவிட்டான்.

போல்டரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பாறை சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவன் மும்மூன்றாகத் தட்டுவான். கேட்டவன் அப்படியே திருப்பித் தட்ட வேண்டும். ஆள் போய்ச் சேரும்வரை உள்ளே கிடப்பவனுக்கு அதுதான் மூச்சு.

இன்று மிர்ட்டில் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

அவள் திரும்பவில்லை. கரண்டியால் சட்டியில் தட்டினாள். மூன்று. சற்று விட்டு, மூன்று.

பின்னால் மேசைப்பலகை பதில் சொன்னது. மூன்று.

திரும்பினாள். வில்ஃப் தன் விரல்முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாரோ தட்டியதுபோல.

"இப்போ தட்டுனியே, அன்னிக்கு சிரிலுக்குத் தட்டுனியா வில்ஃப்?"

அவன் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டான். மறு கையால் தொப்பியை எடுத்து, நாற்காலி உரசாமல் எழுந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனான்.