சோதனைக்குப் போட்ட மோதிரம்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. கல் உடைத்துச் சோறு தின்ற வீட்டில் பிறந்தவன் நான். பேய்க்குப் பயப்பட எங்களுக்கு நேரம் இருந்ததில்லை. அன்று அதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டாலும் மூவரும் இதையேதான் சொல்வோம்.

எங்கள் பட்டறையில் பழங்கால மோதிரங்களுக்கு நகல் செய்கிறோம். ராஜா போட்டது, ராணி போட்டது, மண்ணுக்குள் கிடந்து எடுத்தது... எல்லாம் பித்தளையில் வார்த்து மேலே தங்க முலாம். அசலை நாங்கள் பார்ப்பதே இல்லை. அது எங்கோ கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அச்சுக்காரர் ஒருவர் அங்கே போய் அதை ரப்பரில் பதித்து, அந்த அச்சை மட்டும் எங்களுக்கு அனுப்புவார். மச்சான் அதில் மெழுகு வார்த்து எடுத்து, பிறகு அதைப் பித்தளையாக்குவார். அராவுவதும் மெருகு போடுவதும் என் வேலை. பொட்டலம் கட்டுவது மனைவி.

அந்த முறை வந்தது, இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் மோதிரம். நாற்பத்தெட்டு. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சரக்கு வண்டி வந்துவிடும். மூன்று நாளாக மூவருக்கும் தூக்கம் இல்லை. உட்கார்ந்தால் கண் சொருகும். நின்றால் முதுகு விண்ணென்று தெறிக்கும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரி எது வந்தாலும் அதில் ஒன்றை எங்களில் ஒருவர் ஒரு பகல் முழுக்கப் போட்டுக்கொண்டே வேலை பார்க்க வேண்டும். முலாம் நிற்கிறதா, விரல் பச்சை பிடிக்கிறதா என்று தெரிய அது ஒன்றுதான் வழி. மெருகுச் சக்கரத்தில் கை வைக்கிறவன் மோதிரம் போடக் கூடாது. மாட்டினால் விரலோடு போகும். அதனால் எப்போதும் மனைவிதான் போடுவாள்.

காலை 9.15-க்கு அவள் விரலில் போட்டுவிட்டேன்.

"இருபத்தோரு வருஷமா நீங்க எனக்குப் போட்டுவிடற மோதிரமெல்லாம் சாயங்காலம் கழட்டிக் குடுக்கறதாவே இருக்கு" என்றாள். மச்சான் மெழுகைவிட்டுத் தலையைத் தூக்காமலே சிரித்தார். மோதிரம் லூசாகத்தான் இருந்தது. கையை உதறினால் விழுந்திருக்கும்.

மதியம் சாப்பிடும்போது மோதிரம் சுடுகிறது என்றாள். வேலை செய்கிற கை சுடாமல் குளிருமா என்று கேட்டுவிட்டு என் தட்டைப் பார்த்தேன்.

மாலை 4.40. மீதி நாற்பத்தேழையும் லென்ஸ் வைத்துக் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் விரல்கள் விரல்களைப் பற்றியிருந்தன. நானே அராவியவன், எனக்குத் தெரியாதா? இப்போது ஒரு கை, இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அடுத்ததை எடுத்தேன். மணிக்கட்டு.

அதற்கடுத்தது... அதுவும் மணிக்கட்டு.

தூக்கம் கெட்ட கண் எதையும் காட்டும். முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்ப லென்ஸைத் தொட மனம் வரவில்லை. மோதிரத் தட்டைத் துணியால் மூடிவிட்டேன்.

5.55. மனைவி மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. சோப்பு போட்டோம். எண்ணெய் விட்டோம். விரலில் நூல் சுற்றி நூலோடு உருட்டிப் பார்த்தோம். காலையில் வழுக்கிய மோதிரம் சதைக்குள் புதைந்துகொண்டிருந்தது.

6.10. விரல் நீலமாகிவிட்டது.

மச்சான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். அரை மணி நேரம் ஆகுமாம். அதற்குள் விரல் இருக்காது என்று பார்த்த உடனே தெரிந்தது. சக்கரத்தில் விரல் போனவர்களைப் பார்த்தவன் நான். அந்த நிறம் எனக்குத் தெரியும்.

"வலிக்குதா?" என்றேன்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பிடிக்கிறாங்க..."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் ரம்பத்தை எடுத்தேன். மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவில் தகடு செருகினால்தான் அறுக்க முடியும். மயிரிழை கூட இடமில்லை. தகடு இல்லாமலே மோதிரத்தின் பின்பக்கத்தில் ரம்பத்தின் பல்லை வைத்தேன்.

6.18. மூன்று இழுப்பு. பித்தளை வெண்ணெய் மாதிரி அறுபடும். அறுபடவில்லை.

ஒரு சத்தம்...

சொடக்கு.

விரல் மடக்கினால் வருகிற அதே சொடக்கு. அவள் விரலிலிருந்து இல்லை. மோதிரத்திலிருந்து.

திரும்பவும்... சொடக்கு.

துணி மூடிய தட்டுக்குள்ளிருந்து... வரிசையாக... சொடக்கு, சொடக்கு, சொடக்கு...

மச்சான் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

என் கை நின்றுவிட்டது.

அவள் அழவில்லை. மோதிரத்தைத்தான் பார்த்தாள். நாளெல்லாம் நின்று உழைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மடியில் ஏறுகிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"என்னப் புடிச்சு என்ன ஆகப்போவுது... நானே எப்ப விழுவோம்னு நிக்கிறேன்."

சத்தம் நின்றது.

6.21. ரம்பம் இறங்கியது. ஒரே இழுப்பு. மோதிரம் பிளந்து தரையில் விழுந்தது.

விரலில் வளையமாகத் தடம் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு பக்கம் நான்கு பள்ளம். மறுபக்கம் ஒன்று.

ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் விரல் தப்பிவிடும் என்றார்கள். காலையில் தட்டைத் திறந்தபோது நாற்பத்தேழு மோதிரங்களிலும் விரல்கள் விரல்களைப் பற்றியிருந்தன. எட்டு மணிக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பாமல் என்ன காரணம் சொல்வது? எனக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது.

11.05-க்கு அச்சுக்காரர் போன் செய்தார். அச்சு வந்த பெட்டியின் அடியில் வைத்த சீட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நாங்கள் பெட்டியைத் திறந்தால் அச்சை எடுத்து மெழுகு ஊற்றுகிறவர்கள். சீட்டெல்லாம் யார் பார்த்தது?

"அசல்ல ஒத்தக் கைதாங்க இருக்கு. இன்னொன்னு எப்பவோ உடைஞ்சுபோச்சு. அத நீங்க மெழுகுல செஞ்சு ஒட்டணும்னு எழுதியிருந்தேனே?"

மச்சான் ஒட்டவில்லை. வார்த்து எடுத்த மெழுகு ஒவ்வொன்றிலும் இரண்டு கையும் இருந்ததாகப் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். அச்சைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு கை இருந்தது. மறு கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ரப்பர், மழமழவென்று. அப்போதே அதில் ஒரு மெழுகு வார்த்தோம். நீட்டிய ஒற்றைக் கை மட்டும் வந்தது.

மச்சான் வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் நடந்து ஏழு மாதம் ஆகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது மோதிரம் விற்றால் ஆறேழு கட்டாயம் திரும்பி வரும். ஒருவருக்குச் சின்னது, ஒருவருக்குப் பெரியது.

அந்த நாற்பத்தேழும் விற்றுப்போய்விட்டன. இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.