ஃபீடில் வந்த நல்ல செய்தி

புயல் எச்சரிக்கை வந்ததும் காசிமேட்டுப் படகுகளெல்லாம் அடித்துப் பிடித்துக் கரைக்குத் திரும்பிவிட்டன. அக்கா வீட்டுக்காரர் போன விசைப்படகு மட்டும் திரும்பவில்லை. வயர்லெஸ்ஸிலும் பேச்சு மூச்சில்லை.

அதற்குப் பிறகு எங்களைச் சாகடித்தது வாட்ஸ்அப். காலையில் ஒருத்தன் நெல்லூர் பக்கம் பார்த்ததாகச் சொல்வான், மத்தியானம் இன்னொருத்தன் பர்மாக்காரன் பிடித்துவிட்டான் என்பான். கேட்டால், "ஃபார்வர்டு வந்துச்சு, போட்டேன்." அடுத்தவள் தாலி என்றால் இவனுங்களுக்கு அவ்வளவு இளக்காரம்!

நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். துறைமுக அறிவிப்பு, வானிலை பற்றி எழுதுகிற பிளாக் எல்லாவற்றையும் ஃபீட் ரீடர் என்கிற ஆப்பில் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு தளமாகப் போய்ப் பார்க்க வேண்டாம். எதில் புதிதாக ஒன்று போட்டாலும் அதுவே நம் போனுக்கு வந்து நிற்கும். மீனவர் சங்கம் ஒன்று பிளாக் நடத்தியது. உறுதியான செய்தியைத்தான் போடுவார்கள் என்பதால் அதையும் சேர்த்துக்கொண்டேன். அக்கா ஓயாமல் போன் செய்து, "இன்னாடி, எதுனா வந்துதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கே பேஜாராகி அவள் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில், சங்கத்து ஃபீட் மடை திறந்தது போல் கொட்டியது. டீசல் மானியம், வலை விற்பனை, இரங்கல் கூட்டம் என்று என்னென்னவோ. நடுவில் ஒன்று: 'காணாமல் போன காசிமேடு படகு மீட்பு. அனைவரும் நலம்.' சற்று முன் பதிவிட்டது என்று வேறு காட்டியது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அதற்குக் கீழே, 'நாளை முதல் மீன்பிடித் தடைக்காலம்' என்றிருந்தது. கொட்டுகிற கார்த்திகை மழையில் ஏது தடைக்காலம்? அது சித்திரையில் அல்லவா வரும்?

சங்கத்துக்குப் போன் போட்டேன். "பிளாக்கைப் புது சைட்டுக்கு மாத்திக்கினு கீறோம்மா. பழசெல்லாம் புதுசு மாரி வந்துட்டு கீது போல" என்றார் எடுத்தவர். அது வேறு படகு. பல வருடங்களுக்கு முந்தைய செய்தி. "மனுஷங்களாய்யா நீங்கள்லாம்!" என்று யார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அக்காவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை.

ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். தெருமுனையிலேயே பட்டாசுச் சத்தம். அக்கா ஓடிவந்து என் வாயில் ஒரு பிடி சர்க்கரையைத் திணித்தாள். "பாத்தியாடி? வந்துட்டாருடி எங்க வூட்டுக்காரு!" மாமாவின் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள். சர்க்கரையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சொன்னேன், "அது பழைய செய்திக்கா. வேற படகு."

"உன் வாயில மண்ணு வுழ!" என்று என்னை ஓங்கி அறைந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தெரு ஜனம் ஒவ்வொருவராக நழுவியது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்து அதே ஃபீடில் இன்னொரு பதிவு வந்தது. பழவேற்காடு பக்கம் உடல்கள் ஒதுங்கியிருக்கின்றன, காணாமல் போன படகின் ஆட்களாக இருக்கலாம், உறவினர்கள் அடையாளம் காட்ட வரவும். இந்த முறை தேதியைப் பார்த்தேன். சங்கத்துக்கும் போன் செய்து கேட்டேன். உண்மைதான்.

நான் போனபோது அக்கா அடுப்படியில் மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நானும் பாத்தேன்டி. பழசுதான். திரும்பவும் அனுப்பிக்கினு கீறானுங்க" என்றாள்.

"தேதியைப் பாருக்கா."

"அன்னிக்கும் தேதி சரியாத்தான் இருந்துது. உக்காரு, சோறு போடறேன்."

வெளியே சங்கத்து வேன் ஹாரன் அடித்தது. அடையாளம் காட்ட நான்தான் போனேன்.