பட்டினி கிடந்த கொடுவாவும் பஸ்ஸில் வந்த ஐஸ் பெட்டியும்

சிதம்பரம் என்றால் எல்லோரும் கோயிலுக்குப் போவார்கள். 2010 மாசியில் நாங்கள் போனது மீன் குடலுக்காக. என் மனைவி செல்வி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடலில் பிடித்த கொடுவா மீனின் குடலில் என்னென்ன பாக்டீரியா, பண்ணைக் கொடுவாவில் என்னென்ன, அவற்றில் ஏதாவது மீனுக்கு வரும் நோய்க்கிருமியை அடக்குமா என்பது கேள்வி. அந்த மாதத்துக்குள் இரண்டு மீனையும் அறுத்துப் பார்க்காவிட்டால் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் வழிகாட்டி. நான் ஐஸ் பெட்டி தூக்கப் போனேன்.

கடல் மீன் வாங்கக் கடலூர் துறைமுகத்துக்குக் காலை ஐந்தரைக்கே போய்விடுங்கள். வெளிச்சம் வந்தால் பெரிய மீனெல்லாம் வியாபாரிகளுக்குப் போய்விடும். எங்களுக்கு நல்ல கொடுவா கிடைத்தது. மீன் வெட்டும் அக்கா கேட்காமலே அரிவாள்மணையை இழுத்துப் போட்டார்.

“வேணாங்க்கா, அப்படியே குடுங்க” என்று செல்வி பாய்ந்தாள்.

“கொடலோடயா? வீடெல்லாம் நாறிப்பூடும் தங்கச்சி!”

“கொடலுக்குத்தாங்க்கா வந்ததே.”

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சிதம்பரத்துக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். “பெட்டில என்னா சார்?” என்றார் கண்டக்டர். குடல் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. “மருந்துங்க” என்றேன். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மருந்து வாடையை பஸ்ஸே முகர்ந்துகொண்டு வந்தது.

அங்கிருந்து ஆட்டோவில் கிள்ளைப் பக்கம் ரஹீம் பாயின் மீன் பண்ணை. அவர் எங்களுக்காகவே இரண்டு மீனைத் தனியாக வலையில் விட்டு வைத்திருந்தார்.

“ரெண்டு நாளா தீனியே போடலம்மா. வயிறு கண்ணாடி மாதிரி இருக்கும். ஒங்களுக்காக ஸ்பெஷலா!”

விற்பனைக்குப் பிடிக்கும் மீனை அப்படித்தான் பட்டினி போடுவார்கள். ஐஸில் சீக்கிரம் கெடாது. பாய் மரியாதை செய்திருக்கிறார். ஆனால் குடலில் இருப்பதைப் பார்க்க வந்தவளுக்குக் காலிக் குடல்! வேறு மீன் பிடிக்க அன்று வலை இழுக்க ஆளில்லை, சிதம்பரத்து ஆய்வகத்தில் மீன் அறுக்க அன்று ஒரு நாள்தான் இடம் தந்திருந்தார்கள். செல்வியின் முகம் செத்துவிட்டது. கரையில் போய் உட்கார்ந்தாள். பாய், “தப்பு பண்ணிட்டனாம்மா?” என்று தலைப்பாகையை அவிழ்த்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து வந்தாள். “இல்லண்ணே. தீனியோட வந்து தீனியோட போற கிருமியெல்லாம் விருந்தாளிங்க. சோறு இல்லாதப்பவும் குடியிருக்கறதுதான் வீட்டு ஆளுங்க. எனக்கு அவுங்கதான் வேணும்.”

ஆய்வகத்தில் இரண்டு மீனின் குடலையும் ஒரே மாதிரி அலசினாள். உள்ளே கிடந்ததை விட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்ததை மட்டும் சுரண்டி எடுத்தாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் பாயையும் வரச் சொல்லி, கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளைக் காட்டினாள். தட்டு முழுக்க நோய்க்கிருமி ஏடு போலப் படர்ந்திருந்தது. அவள் வைத்த குடல் பாக்டீரியாப் புள்ளிகளில் ஒன்றைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். கிருமி அண்டவே இல்லை.

“இது நம்ம கொளத்து மீனோடதா?” என்றார் பாய்.

“ஒங்க பட்டினி மீனோடதுதாண்ணே. இன்னும் நெறைய பாக்கணும்.”

பாய் அங்கேயே நின்று வீட்டுக்கு போன் போட்டார். செல்வியின் தலைப்பு பிழைத்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, மறைப்பானேன்?

போகிறவர்களுக்கு: ஆட்டோவைப் போக வரப் பேசிக்கொள்ளுங்கள், கிள்ளையில் திரும்ப வண்டி கிடைப்பது கஷ்டம். ஐஸ் ஜாஸ்தியாகவே வையுங்கள். பண்ணைக்காரரிடம் எதற்காக மீன் கேட்கிறீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முடிவை உறுதிசெய்ய அடுத்த மாதமும் பெட்டியோடு போனோம். அதே கண்டக்டர். “இன்னிக்கும் மருந்தா சார்?”

“இல்லீங்க, மீன் கொடல்! எம் பொண்டாட்டி ஆராய்ச்சி பண்றாங்க” என்றேன், கடைசி சீட்டுக்கும் கேட்கும்படி. இந்த முறை செல்வி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.