சந்தேகத்தை அளக்கப் போன இடத்தில்

ஒருவருக்கு அடுத்தவர்மேல் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்று அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழாக்கியிருக்கிறேன். அது இங்கே சரிப்படுமா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி.

அதற்கு அதே ஆட்களிடம் சில வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். பதில் பெரிதாக மாறக் கூடாது.

இன்று ஜூஜுவாடியில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டலுக்கு இரண்டாம் முறையாகப் போனேன்.

"போன தடவ நாங்க சொன்னது பொய்யான்னு பாக்க வந்தீங்களாக்கா?" என்றாள் சுமதி. சாமல்பட்டிக்காரி.

"இல்ல சுமதி, ரெண்டு தடவ கேக்கறதுதான் முறை."

"எச்.ஆர். அனுப்புனாங்களா?"

"சத்தியமா இல்ல."

சிரித்தாள். தாள்களை வாங்கிக்கொண்டு எல்லோரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். போன முறை ஆளுக்கொரு விதமாக எழுதியவர்கள், இன்று அத்தனை பேரும் அத்தனை கேள்விக்கும் 'இல்லை' போட்டிருக்கிறார்கள்.

'எனக்குத் தெரியாமல் மற்றவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள்' என்பதற்கும் 'இல்லை'தான்.

இதைப் பார்த்தால், நானே வீட்டில் உட்கார்ந்து நிரப்பியதாக என் கைடு நினைப்பார். ஏற்கெனவே அவருக்கு என்மேல் ஒரு கண்.

'கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள்' என்ற அந்தக் கேள்விக்கு இப்போது என் பதில் 'ஆமாம்'. எனக்கு எத்தனை மார்க் என்று யாராவது சொல்லுங்கள்.