ஒரு கட்டு விறகும் என் பத்தடிக் காடும்

புல்லை மாடு தின்றால் அது மேய்ச்சல். ஒரு பெண் குந்தி உட்கார்ந்து எண்ணினால் அது ஈகாலஜி. பெங்களூரில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கும் எனக்குப் பேராசிரியர் கொடுத்த வேலை இதுதான். காட்டில் பத்தடிக்குப் பத்தடி சதுரமாக நான்கு முளை அடித்துக் கயிறு கட்ட வேண்டும். உள்ளே என்னென்ன செடி, எத்தனை என்று மாதம் ஒரு முறை எண்ண வேண்டும். பன்னிரண்டு மாதம். ஒரு மாதம் விட்டாலும் ஆய்வேடு செல்லாது. ஓசூரில் பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "இந்த வருஷம் பாஸ் பண்ணினால் மேலே படி. இல்லாவிட்டால் தருமபுரி மாப்பிள்ளை வீட்டுக்குச் சரி என்று எழுதிவிடுவேன்." ஆக, என் தலையெழுத்து நூறு சதுர அடிக்குள் முளைத்துக்கொண்டிருந்தது. பரீட்சையால் அடிபட்டவர்கள் யாராயிருந்தாலும் என் பக்கம் வந்து உட்கார்ந்து நியாயத்தைக் கேளுங்கள்.

எடுக்காதவருக்கு அனுமதி இல்லை

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகிற பாதையில் என் காடு. அனுமதி கேட்டு ரேஞ்சர் ஆபீசுக்குப் போனேன். மரம் வெட்ட ஃபாரம் இருந்தது. கரி சுட, மாடு மேய்க்க, தேன் எடுக்க, முயல் சுடக்கூட இருந்தது. "நான் எண்ணிவிட்டு வந்துவிடுவேன், சார்" என்றேன். "எதை எடுத்துக்கொண்டு?" என்றார் ரேஞ்சர். "நோட்டை." அவர் முகத்தில் முதல் தடவையாகச் சந்தேகம் தெரிந்தது.

வெட்டுகிறவனுக்குத் திறக்கிற காடு வெட்டாதவளுக்கு ஏன் மூட வேண்டும் என்று அரை மணி நேரம் வாதாடினேன். நல்ல மனிதர், குறுக்கே பேசவில்லை, காப்பிகூட வரவழைத்தார். கடைசியில் சொன்னார்: "சும்மா போய் வருவதற்கு ஃபாரம் இல்லையே அம்மா. மாதம் ஒரு கட்டு விறகு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடு, இப்பவே கையெழுத்துப் போடுகிறேன்."

எல்லைக் கமிஷன்

காட்டைக் காப்பாற்றப் படிக்கிறவள், கையில் விறகு பர்மிட்டோடு போய் முளை அடித்தேன். மொழிவாரியாக ராஜ்யம் பிரிக்கிற பேச்சு ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்த சமயம். பக்கத்து ராகிக் கொல்லைக்காரர் கிருஷ்ணப்பா ஓடி வந்தார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ் பேசுகிற மனிதர். என் கயிற்றைப் பார்த்ததும் மைசூருக்கும் மெட்ராசுக்கும் நான்தான் எல்லை கட்டுகிறேன் என்று முடிவு செய்துவிட்டார்.

இல்லை, நான் வெறும் மாணவி, இது வெறும் செடி என்று எத்தனையோ சொன்னேன். ரகசியத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிறகு என் அருகே வந்து குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "எந்தப் பக்கம் மைசூரானாலும் எனக்குச் சம்மதமுங்க. என் பங்காளி கொல்லை மட்டும் அந்தப் பக்கம் போற மாதிரி கயித்தைக் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க."

வெறுங்கை

முதல் மாதக் கணக்கை முடித்துக்கொண்டு திரும்பினால் வழியில் வனத்துறை கேட்டில் காவலர் முனியப்பா மறித்தார். விறகு எங்கே என்றார். வேண்டாம் என்று நானே விட்டுவிட்டேன் என்றேன். அப்படி ஒரு பிரஜையை அவர் சர்வீசில் பார்த்ததில்லை. சட்டம் எடுக்கலாம் என்கிறதே தவிர, எடுத்தே ஆக வேண்டும் என்கிறதா என்று நான் ஆரம்பித்தேன். பஸ் ஹாரன் அடித்தது. வாதத்தில் ஜெயித்து பஸ்ஸைக் கோட்டைவிட எனக்கு வசதியில்லை. அன்றிலிருந்து மாதா மாதம் அவரே சுள்ளி பொறுக்கிக் கட்டித் தயாராக வைத்திருப்பார்; நான் சுமந்துபோய் ரோட்டோர டீக்கடையில் போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "பர்மிட்லே விறகு இருக்குது, கையிலே நோட்டு இருக்குது. ரெண்டும் ஒண்ணானாத்தான் கேட்டு திறக்கும்."

எதிர்க்கட்சி

ஆறாம் மாதம் கயிற்றுக்குள் நான்கு ஆடுகள். என் வயதுக்காரி ஒருத்தி, பெயர் மாதம்மா, மரத்தில் சாய்ந்து நின்று என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடு காட்டை எப்படி அழிக்கிறது என்று ஒரு முழுப் பிரசங்கமே செய்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவள் கயிற்றுக்குள் வந்து விரலை நீட்டினாள். "விராலி, காரை, சூரை, ஆவாரை..." என் நோட்டில் 'பெயர் தெரியவில்லை' என்று ஐந்து மாதமாகக் கிடந்த மூன்றுக்கும் பெயர் சொன்னாள். நான் அவசரமாக எழுதிக்கொண்டேன். எழுதி முடிக்கிற வரை காத்திருந்து, வெள்வேல் கன்றுகளைக் காலால் காட்டினாள்: "இதெல்லாம் என் ஆடு காய் தின்னு போட்ட புழுக்கையிலே மொளைச்சது. அதையும் எழுதிக்க, வக்கீலம்மா."

விருந்தாளி வருகிறார்

பன்னிரண்டாம் மாதக் கணக்குக்குப் பேராசிரியரே நேரில் வருவதாகச் சொன்னார். நேரில் பார்த்துத்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவார். மரியாதைக்கு ரேஞ்சருக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

பேராசிரியரோடு போய்ப் பார்த்தால் என் காட்டைக் காணோம். நான்கு முளைக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தது. உள்ளே ஒரு புல் இல்லை. செம்மண் கொட்டிப் பெருக்கி, நடுவில் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டி. தருமபுரி மாப்பிள்ளை அந்தத் தொட்டிக்குப் பின்னால் நிற்கிற மாதிரியே இருந்தது. "சார், என் செடியெல்லாம் எங்கே?" என்று கத்தினேன். ரேஞ்சர் நிஜமாகவே மனம் நொந்துபோனார்: "ஒரே குப்பையாகக் கிடந்ததம்மா. அப்படியே விட்டால் உங்கள் புரொபசர் எங்கள் இலாகாவைப் பற்றி என்ன நினைப்பார்?"

பன்னிரண்டாம் மாதம்

அப்போது முனியப்பா சிரித்த முகமாக ஒரு பெரிய கட்டைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். "இந்த மாச விறகுங்க. வெளியே பொறுக்கலை, உங்க எடத்துச் செடிதான். நேத்து சாயந்திரம் வேரோட பிடுங்கி, ஒரு புல்லு விடாம கட்டிட்டேன்." எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது. கட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தேன். வாடிச் சுருண்டதை நான் எண்ணினேன். அடையாளம் தெரியாததை, ஆட்டோடு வந்த மாதம்மா முகர்ந்து பார்த்துச் சொன்னாள். பேராசிரியர் கூடவே எண்ணிச் சரிபார்த்தார்.

நோட்டில் 'அழிந்ததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆடு, தீ, வெட்டு என்று போடுவது வழக்கம். நான் தயங்கினேன். "நடந்ததை எழுது" என்றார் பேராசிரியர். 'வனப் பாதுகாப்பு' என்று எழுதினேன். படித்தார், ரேஞ்சரை ஒரு தரம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தருமபுரிக்குப் போக இருந்த கடிதம் அந்தக் கையெழுத்தோடு நின்றது. மாதம்மா மட்டும் பெருக்கி வைத்த செம்மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஆறு மாதமாக வைத்திருந்த பதிலைச் சொன்னாள்: "என் ஆட்டை அன்னிக்கு அந்தப் பேச்சுப் பேசினியே, வக்கீலம்மா. இதை மேஞ்ச ஆடு எது?"

ஆட்டுக்கும் வெயிலுக்கும் பங்காளிச் சண்டைக்கும் பதினோரு மாதம் தப்பிப் பிழைத்த என் பத்தடிக் காடு, நான் எழுதிப் போட்ட ஒரு மரியாதைக் கடிதத்துக்குத்தான் தப்பவில்லை.